ஓடக் கூடாத கடைசி நூறு கெஜம்

குளுவாங் தபால் நிலையத்தில் என்னோடு வேலை பார்த்த பிள்ளைகளில் நான்கு பேர் இப்போது நெடுந்தூர ஓட்டக்காரர்கள் ஆகிவிட்டார்கள். சிங்கப்பூருக்குப் போய் இருபத்தாறு கட்டை ஓடிவிட்டுக் கழுத்தில் பதக்கத்தோடு திரும்பி வருகிறார்கள். கட்டை என்றால் மைல். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அவர்களில் ரவி என்பவன் போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டான்.

"அங்கிள், இருபது கட்டைக்கு மேல கால் நிக்கல, மனசுதான் நின்னுருது. நீங்க ஜப்பான்காரன் காலத்துல ஓடியே மருந்து கொண்டு போவீங்களாமே. மனச எப்படி வச்சிக்கிட்டீங்க?"

அவர்களுடைய பயிற்சியாளர், எதற்காக ஓடுகிறோம் என்பதை விடாமல் நினைத்துக்கொண்டே ஓடச் சொல்கிறாராம். நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஆனால் எதற்காக ஓடுகிறோம் என்பதை விடாமல் நினைத்துக்கொண்டு ஒரே ஒரு நாள் நான் ஓடியிருக்கிறேன். நான்காவது கட்டையில் வாந்தி எடுத்துச் சடக்கில், அதாவது சாலையில், விழுந்தேன். அதை ரவியிடம் சொன்னால் சிரிப்பான் என்று அன்று பேச்சை மாற்றிவிட்டேன். பிறகு யோசித்ததில், சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் முதல் வேலை பால் வெட்டு, ரப்பர் மரத்தில் கோடு கீறிப் பால் எடுக்கிற வேலை. குளுவாங்குக்கு மேற்கே பன்னிரண்டாம் கட்டையில் இருந்த ரப்பர் தோட்டத்தில் பதின்மூன்று வயதில் கத்தி பிடித்தேன். ஒன்பது வருடம் வெட்டினேன். ஜப்பான்காரன் வந்ததும் பாலை வாங்க ஆள் இல்லை, வெட்டு நின்றது. மரவள்ளி நட்டோம், அதையே தின்றோம், கோணியைக் கட்டிக்கொண்டோம். அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ஆரோக்கியம் என்னை வேலைக்கு எடுத்தார்.

டிரசர் என்றால் தோட்டத்துக்கு அவர்தான் டாக்டர். பெரிய டாக்டர் குளுவாங்கில். நடுவில் இருந்த டெலிபோன் கம்பியை அறுத்துவிட்டார்கள், மோட்டார் வண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள், சைக்கிளுக்கு டியூப் கிடையாது. ரப்பர் காட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒரு டியூபுக்கு வழியில்லாமல் இருந்தோம் என்றால் இன்றைக்கு யார் நம்புவார்கள்? அதனால் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னாவுக்குச் சீட்டு, பெரிய டாக்டருக்குக் கடிதம், திரும்பி வரும் மருந்துப் பொட்டலம் எல்லாம் என் காலில்தான் போய் வந்தன. என்னை ஏன் தேர்ந்தெடுத்தார் என்றால், காய்ச்சல்காரர் ஒருவரைத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து நான் முதுகில் சுமந்து வந்தேன். அவரைக் கட்டிலில் கிடத்தியதும் டிரசர் நோயாளியின் நாடியை விட்டுவிட்டு என் நாடியைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "பரவால்ல" என்றார். அவ்வளவுதான் என் நேர்முகத் தேர்வு.

அவர் மெலிந்த மனிதர். கோணி கட்டிய காலத்திலும் வெள்ளைச் சட்டையைத் தானே துவைத்துப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முட்டி போட்டு ஜெபம் செய்வார். கோபம் வந்தால் குரல் இன்னும் சின்னதாகிவிடும். "சீக்கிரம்" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது.

ஒவ்வொரு தடவையும் அனுப்புவதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. முதலில் பெஞ்சில் உட்கார வைப்பார். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் ஒரு மங்கு குடிக்க வேண்டும். நான் குடிக்கும்போது குனிந்து என் இரண்டு உள்ளங்கால்களையும் பார்ப்பார். நோயாளியின் நாக்கைப் பார்ப்பதைப் போல அத்தனை கவனமாகப் பார்ப்பார். வெடிப்பு இருந்தால் மெழுகு வைத்து அடைப்பார். பிறகு எந்த வழி, எங்கே தண்ணீர், எங்கே ஜப்பான் காவல் என்று என்னைச் சொல்லச் சொல்வார். கடைசியாகப் பொட்டலத்தை எண்ணெய்த் துணியில் சுற்றி என் இடுப்பில் அவரே கட்டுவார். உள்ளே என்ன, யாருக்கு என்பதை மட்டும் சொல்லவே மாட்டார்.

ஒருமுறை கேட்டேன். "அது காகிதத்துக்கு வேண்டிய விஷயம், காலுக்கு வேண்டாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. படிக்காதவன் என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

இன்னொன்றும் பழக்கினார். வராந்தாவில் ஒரு நாற்காலியை வைத்து, அதுதான் ஜப்பான் சிப்பாய் என்பார். நூறு கெஜத்துக்கு அப்பால் நான் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். முகத்தைத் துடைக்க வேண்டும். மூச்சு அடங்க நடக்க வேண்டும். நாற்காலிக்கு ஐந்தடி முன்னால் நின்று, இடுப்பை வளைத்துக் குனிந்து, நிமிர்ந்து, காகிதத்தை இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். லயத்துப் பெண்கள் தண்ணீர் எடுக்கப் போகும்போது, நான் நாற்காலியைக் கும்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள். மானம் போகும். நான் அலுத்துக்கொண்டபோது டிரசர் ஒன்றுதான் சொன்னார்.

"ஓடி வர்றவன அவன் மனுஷனா பாக்க மாட்டான். நடந்து வர்றவனத்தான் பாப்பான்."

அவர் சும்மா சொல்லவில்லை. ரயில்வே கேட்டில் காவல் நின்ற சிப்பாயிடம், பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்று கத்திக்கொண்டே ஓடின ஒருவரை எங்களிடம்தான் தூக்கி வந்தார்கள். அந்தத் துப்பாக்கிக் கத்திக் காயத்தை டிரசர் கழுவும்போது தண்ணீர் ஊற்றினவன் நான்.

ஓடும்போது மனதை என்ன செய்வது என்பதை அவர் சொல்லித் தரவில்லை. அது பால் வெட்டில் வந்தது. வெட்டுக்காரன் முழுத் தோட்டத்தையும் நிமிர்ந்து பார்த்தால் அன்றைக்கு வேலை ஓடாது. இந்த மரம், இந்தக் கோடு, அடுத்த மரம். ஒரு நிரையில் கடைசி மரம் வரை போய், திரும்பி அடுத்த நிரையில் வர வேண்டும். மரம் ஓடிக்கொண்டே இருக்கும், மனசு எங்கேயோ சும்மா கிடக்கும். சடக்கில் ஓடும்போதும் அப்படியே ஓரத்து மரங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். நூறு ஆனதும் மறுபடி ஒன்று. பன்னிரண்டு கட்டை எப்போது முடிந்தது என்றே தெரியாது. ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான் ஓடினேன்.

அப்புறம் அந்தக் காலை வந்தது. ரப்பர் இலை உதிர்கிற மாதம். பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடத்தில், ஒரு லாரி வந்து நின்றது. குளுவாங்கில் மூன்று நாள் ரோட்டு வேலை என்று சொல்லி இருபத்திரண்டு ஆம்பிளைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் என் அண்ணன் பெரியசாமியும் ஒருவர். எனக்கு அப்பா அம்மா இல்லை. என்னை வளர்த்ததும் அடித்ததும் அண்ணன்தான். அவருக்குக் கல்யாணம் ஆகி ஏழு மாதம்; அண்ணி முழுகாமல் இருந்தார்.

நான் தண்ணீர் கொண்டு வரும்போது டிரசர் கிராணியோடு பேசிக்கொண்டிருந்தார். கிராணி தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. அவருக்கு முகம் வெளுத்திருந்தது. ரோட்டு வேலை இல்லையாம், சயாமுக்காம், ரயில் பாதை போட. ஓர் ஆள் குறைந்ததால் அண்ணன் பெயரைச் சேர்த்துவிட்டாராம். போனவர்கள் ஒருவர்கூட ஊருக்குக் காகிதம் போட்டதில்லை என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரியும். டிரசர் குரல் மிகவும் சின்னதாகக் கேட்டது. "அவன் என் ரிஜிஸ்தர்ல இருக்கறவன்" என்றார்.

உண்மைதான். அதற்கு முந்தின வாரம் அண்ணனுக்கு வயிற்றுக்கடுப்பு. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார், ரிஜிஸ்தரில், அதாவது நோயாளிப் பதிவேட்டில், பெயர் ஏறியிருந்தது. இப்போது நன்றாகத்தான் இருந்தார். டிரசர் மேசையில் உட்கார்ந்து, ஒரு முழுக் காகிதத்தில் இங்கிலீஷில் எழுதி, ஆஸ்பத்திரி முத்திரையை மூன்று இடத்தில் குத்தினார். தொற்றக்கூடிய வயிற்றுக்கடுப்பு, கூட இருக்கிறவர்களுக்கும் பரவும் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். தன் வழக்கத்தை மீறி அன்றைக்கு மட்டும் சொன்னார். சொல்லாமல் முடியாது, அண்ணன் பெயரையும் நோயையும் நான்தான் வாயால் சொல்ல வேண்டும். குளுவாங் ஸ்டேஷனிலிருந்து ரயில் பன்னிரண்டு மணிக்கு. அது டோக்கியோ நேரம். வெயில் கணக்கில் பத்தரை. அவர் கைக்கடிகாரத்தைப் பழைய நேரத்திலேயே வைத்திருந்தார். மணி எட்டரை.

நான் வாசலில் நின்றேன். அவர் பெஞ்சைக் காட்டினார்.

"உக்காரு."

"ஐயா, அண்ணன் போயிருவாரு."

"போயிருவாரு. கஞ்சியக் குடி."

அந்தக் கஞ்சியை அவர் முகத்தில் ஊற்றலாம் போல இருந்தது. அவர் குனிந்து என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது குதிகாலில் வெடிப்பு. மெழுகை உருக்கி அடைத்தார். வழியைச் சொல்லச் சொன்னார், சொன்னேன். முகத்தைத் துடைக்க ஒரு துண்டைத் தோளில் போட்டார். எண்ணெய்த் துணியை இடுப்பில் கட்டி, முடிச்சை அவிழ்த்து இன்னொரு தடவை கட்டினார்.

ஓடினேன். அதை ஓட்டம் என்று சொல்வதா, நாய் துரத்திய ஆடு என்று சொல்வதா தெரியவில்லை. அண்ணன், அண்ணன் என்று அதே நினைப்பு. ரயில் ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அழுவது தெரிந்தது. அண்ணிக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று பேசிக்கொண்டே ஓடினேன். மூச்சு வாயில் போயிற்று. நான்காம் கட்டையில் விலாவில் குத்திக்கொண்டு, குடித்த கஞ்சியெல்லாம் வெளியே வந்தது. கையை ஊன்றிச் சடக்கில் விழுந்தேன். எட்டுக் கட்டை பாக்கி. அழுகைதான் வந்தது. ரவியின் பயிற்சியாளர் சொல்வதைக் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தச் செம்மண்தான்.

எழுந்து நடந்தேன். சடக்கோரத்து மரம் ஒன்று. அடுத்தது இரண்டு. பத்து மரம் நடந்து, பத்து மரம் ஓடினேன். நூறாவது மரத்தில் மூச்சு மூக்குக்கு வந்தது. அண்ணன் முகம் போய்விட்டது. அதற்காக வெட்கமாகக்கூட இருந்தது, ஆனால் கால் ஓடியது. ஏழாம் கட்டைக்கு வந்ததும் சடக்கை விட்டுப் பக்கத்துத் தோட்டத்து ரப்பருக்குள் இறங்கினேன். அது குறுக்கு வழி, ஒன்றரைக் கட்டை மிச்சம். களை எடுக்க ஆள் இல்லாமல் பாதை மூடிக் கிடந்தது. அதனால் ஒரு நிரையைப் பிடித்துக்கொண்டேன். நிரை முடிகிற இடத்தில் வாய்க்கால், அதைத் தாண்டி நேரே கிழக்கே போனால் பத்தாம் கட்டை. சருகு மொறுமொறு என்று சத்தம் போட்டது. ஐம்பது, அறுபது, நூறு, மறுபடி ஒன்று. இதைவிடச் சுகமாக நான் ஓடியதே இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி ஓடினேனோ. இலை இல்லாத கிளை வழியாக வெயில் நன்றாக அடித்தது. என் நிழல் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் கிழக்கே ஓடுகிறவனுக்கு நிழல் பின்னால்தானே விழ வேண்டும்?

நின்றேன். கால் வேலை காட்டிவிட்டது. கடைசி மரத்தில் வாய்க்காலைத் தாண்டாமல், ஒன்பது வருடப் பழக்கத்தில், திரும்பி அடுத்த நிரையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். பால் வெட்டுக்காரனைத் தவிர வேறு எவனும் இப்படி ஒரு தப்பைச் செய்யமாட்டான். என்னை நானே கன்னத்தில் அறைந்துகொண்டேன். அது கதைக்காகச் சொல்வதில்லை, நிஜமாகவே அறைந்தேன். கால் மணி நேரமாவது போயிருக்கும்.

இப்போது மரத்தை எண்ணப் பயம். அண்ணனை நினைக்கவும் பயம். மனசை வைக்க இடமே இல்லை. அப்போதுதான் அந்த நாற்காலி ஞாபகம் வந்தது. வாய்க்காலைத் தாண்டிக் குதித்ததும் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். நிறுத்து. முகத்தைத் துடை. நட. ஐந்தடிக்கு முன்னால் நில். குனி. நிமிர். இரண்டு கை. பெயர் பெரியசாமி. கடைசியில் செய்ய வேண்டியதை மட்டும், அதே வரிசையில், திரும்பத் திரும்பச் சொன்னேன். எதற்கு, யாருக்கு என்பது அதில் இல்லை. ஆனால் எங்கே போகிறேன் என்பது இருந்தது. பத்தாம் கட்டையில் சடக்கில் ஏறினேன். குதிகாலில் மெழுகு எப்போதோ விழுந்துவிட்டது. ரத்தம் வந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

ஸ்டேஷன் கண்ணில் பட்டபோது இன்ஜின் புகை விட்டுக்கொண்டிருந்தது. சரக்கு வண்டிகளில் ஆட்களை ஏற்றிக் கதவை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு சிப்பாய், அவனுக்குப் பின்னால் மேசை போட்டு ஓர் அதிகாரி, பக்கத்தில் மலாய் பேசும் சீன மொழிபெயர்ப்பாளர். எனக்கும் அவர்களுக்கும் நடுவே நூறு கெஜம். இன்ஜின் ஊதியது.

நிறுத்தினேன். முகத்தைத் துடைத்தேன். நடந்தேன்.

பன்னிரண்டு கட்டை ஓடியது ஒரு கஷ்டமே இல்லை. அந்த நூறு கெஜம் நடந்தேனே, அதுதான். தொடை தானாக ஓடப் பார்த்தது. ஓடு, ஓடு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. ஒரு வண்டியின் கதவு மூடும் சத்தம் கேட்டது, இன்னொன்று மூடியது. நான் கல்யாணத்துக்கு வந்தவன் போல நடந்தேன். சிப்பாய் துப்பாக்கியை என் பக்கம் திருப்பினான், என்னை மேலும் கீழும் பார்த்தான், திருப்பியபடியே நின்றான். ஐந்தடி. குனிந்தேன். நிமிர்ந்தேன். இரண்டு கை.

காகிதம் மேசைக்குப் போனது. நான் எனக்குத் தெரிந்த மலாயில், வயிற்று நோய், தொத்து என்பதை "சாக்கிட் பெருட், பெர்ஜங்கிட்" என்று சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அதை ஜப்பான் மொழியில் சொல்லி முடிப்பதற்குள் அதிகாரி காகிதத்தை மேசையில் போட்டுவிட்டுக் கையை உதறினார். யாரோ ஓடினார்கள். மூன்றாவது வண்டியின் கதவு திறந்தது. அண்ணனை இறக்கிக் கொண்டு வந்தார்கள்.

காரியம் அங்கேதான் கெட இருந்தது. தனியாக இறக்கினால் அடிக்கத்தான் இறக்குகிறார்கள் என்று அண்ணன் நினைத்திருக்கிறார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தனக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாக வேலை செய்வேன் என்று மலாயில் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். அதிகாரி காகிதத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு உயிர் போய்விட்டது. தலையைக் குனிந்தபடியே தமிழில் சொன்னேன்.

"அண்ணே, வயித்தப் புடிச்சிக்கிட்டு உக்காருங்க."

என் அண்ணன் எத்தனையோ விஷயத்தில் மந்தம். அன்றைக்கு மட்டும் அப்படி ஒரு புத்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே சுருண்டு விழுந்து, கோணியை அவிழ்க்கப் போவதுபோல முடிச்சில் கை வைத்தார். அதிகாரி நாற்காலியோடு பின்னால் போனார். சிப்பாய் துப்பாக்கியை ஆட்டி எங்களை வெளியே விரட்டினான்.

கேட்டைத் தாண்டி, மார்க்கெட்டைத் தாண்டி, யாரும் இல்லாத இடத்துக்கு வந்ததும் நின்றோம். உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அண்ணனும் அழுதார். அப்புறம் சிரித்தோம், எதற்கென்றே தெரியாமல் சிரித்தோம். என் உள்ளங்காலைப் பார்த்ததும் அவர் முதுகைக் காட்டினார். பாதி வழி என்னைச் சுமந்துகொண்டுதான் வந்தார். இரண்டு கட்டை போன பிறகு திட்டு ஆரம்பித்தது.

"வண்டி இடுக்கு வழியா உன்னப் பாத்தேன்டா. பொண்ணு பாக்க வர்றவன் மாதிரி ஆடி அசைஞ்சு வர்றே. ஓடி வர்றதுக்கு என்னா? அப்பவே எறங்கி வந்து உன்ன மிதிக்கணும் போல இருந்துச்சு."

ஆஸ்பத்திரி வராந்தாவில் டிரசர் நின்றுகொண்டிருந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். என்னைப் பெஞ்சில் உட்கார வைத்து, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். வழியில் நான் திரும்பி ஓடின கதையைச் சொன்னேன். காலைக் கழுவித் துணி சுற்றி முடித்துவிட்டு, "பரவால்ல" என்றார்.

அந்த ரயிலில் போன மற்ற இருபத்தொரு பேரில் ஐந்து பேர்தான் திரும்பினார்கள். அவர்கள் பெயர் ரிஜிஸ்தரில் இல்லை, எழுத ஒன்றும் இல்லை. அது எனக்கும் டிரசருக்கும் கடைசி வரை உறுத்தியது. அதனாலோ என்னவோ, அடுத்த நாளிலிருந்து எங்கள் தோட்டத்தில் வயிற்றுக்கடுப்பு பயங்கரமாகப் பரவியது. ரிஜிஸ்தரில் மட்டும். லயத்து ஆம்பிளைகள் ஒவ்வொருவரும் முறை வைத்து நோயாளி ஆனார்கள். அந்தக் காகிதங்களையும் நான்தான் கொண்டு போனேன். அதில் யார் பெயர் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்திலிருந்து அவர்களால் கொண்டு போக முடிந்தது மூன்று பேரைத்தான். சண்டை முடிந்தது, எனக்குத் தபால் வேலை கிடைத்தது, சைக்கிளுக்கு டியூபும் கிடைத்தது. முப்பது வருடம் மிதித்தேன்.

அண்ணன் மட்டும் அந்த நடையை விடவே இல்லை. என் கல்யாணத்தில் சொன்னார், தன் மகள் கல்யாணத்தில் சொன்னார், பேரன் காதுகுத்தில் சொன்னார். எல்லார் முன்னாலும் நான் நடந்ததைப் போல நடந்து காட்டுவார், சனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கும். டிரசர் நாற்காலி வைத்துப் பழக்கியதை நான் நூறு முறை விளக்கியிருப்பேன். அண்ணனுக்கு ஏறவே இல்லை.

போன மாதம் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். நான் போக வேண்டிய பஸ் ஸ்கூடாயில் நெரிசலில் மாட்டிக்கொண்டது. பார்வை நேரம் முடியப் போகிறது. இந்த வயதில் நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஓடினேன். அறை வாசலுக்கு நான்கைந்து அடி இருக்கும்போதே, இரண்டு கண்ணிலும் துணி கட்டியிருந்த அந்த மனிதர் என் கால் சத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"டேய், நடந்தே வாடா. நான் எங்கயும் போயிடல."

நடந்தேன்.